தலையணை மேல் கிடந்த கை

தலையணை மேல் கிடந்த கையைப் பார்த்ததும் குழல்வாய்மொழிக்கு முதலில் தோன்றியது, பாத்திரம் தேய்க்க வரும் பாக்கியம் எப்போது உள்ளே வந்து தன் மகள் அபியின் பக்கத்தில் படுத்தாள் என்பதுதான். படுத்ததும் இல்லாமல் கையைத் தூக்கி அபியின் தலையணையில் வேறு போட்டிருக்கிறாளே, இது என்ன துணிச்சல் என்று கோபம்கூட வந்துவிட்டது. அதட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திறந்த வாயோடு நின்றாள். கட்டிலில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. ஒரு போர்வை, அதை மூக்கு வரைக்கும் இழுத்துப் போர்த்திய ஒரு தலை, போர்வைக்கு வெளியே நீட்டிக் கிடந்த ஒரு கை. கட்டில் அபியுடையது, போர்வை அபியுடையது, நேற்றுக் காலை ஓசூரிலிருந்து வந்து இறங்கிய அபிதான் சற்று முன்னால் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன் என்று இந்த அறைக்குள் வந்தாள். அப்படியானால் அந்தக் கையும் அபியுடையதாகத்தான் இருக்க வேண்டும். இருக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது, கண் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.  சத்தம் போட்டுக் கூப்பிட்டு, அவள் எழுந்து, இந்தக் கையையே ஊன்றி உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அது அவள் கைதான் என்று ஆகிவிடும். அதனால் கூப்பிடவில்லை.

அவள் வந்த காரியமே வேறு. மத்தியானச் சாப்பாடு ஆனதும் பாலேட்டில் பயத்தம்பருப்பு மாவைக் குழைத்து, நாலு சொட்டுப் பன்னீர் விட்டு, விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் கனமாகப் பூசிக்கொண்டு உட்காருவது அவளுக்கு வழக்கம். பூசியான பிறகு எதையும் தொடமுடியாது. முன்னறையில் காற்றாடி நின்றுபோயிருந்தது, போடச் சொல்ல வீட்டுக்காரர் சிதம்பரமும் இல்லை, நூலகத்துக்குப் போயிருந்தார். அபியின் அறையில் காற்றாடி ஓடுகிற சத்தம் கேட்டது. சரி, அங்கே போய் உட்கார்ந்து காயவைக்கலாம், பிள்ளை தூங்கினால் தூங்கட்டும் என்று கோயிலில் பூச்சட்டி எடுக்கிறவள் மாதிரி இரண்டு கையையும் முன்னால் ஏந்திக்கொண்டு, கதவை முட்டியால் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில் இது. ஸ்டூலைக் காலால் இழுத்துக் கட்டிலோரமாகப் போட்டு உட்கார்ந்தாள்.  தன் கை இரண்டையும் மடியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கையைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் ஒரு மாதிரி விழுகிறதோ? தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தின் மேல் பழியைப் போட முடியவில்லை. நகம் வெட்டிய நகமாக இல்லை, தேய்ந்த நகமாக இருந்தது. விரல் நுனிகளில் தோல் ஊறி வெளுத்து, வெளுத்ததுமே காய்ந்து, குறுக்கே குறுக்கே வெடித்திருந்தது. வெடிப்புக்குள் பழுப்பாக ஒரு கறை. உள்ளங்கையில், கட்டைவிரலின் அடியில், தடித்து மஞ்சளாக ஒரு காய்ப்பு. மணிக்கட்டுக்கு மேலே பழைய வெட்டுக்காயம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் புதியது ஒன்று. இது முப்பத்து மூன்று வயதுக் கையா? தன்னுடையது அறுபத்தொன்று. மாவுக்குள் இருக்கிற தன் கையைக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர்கள் எதை அம்மா என்பார்கள், எதை மகள் என்பார்கள்? இந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்கு அதற்குள்ளேயே ஒரு சின்னப் பெருமையும் எட்டிப்பார்த்தது. எட்டிப்பார்த்ததை அவளே பார்த்துவிட்டாள். சீ, என்ன பிறவி நான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் பெருமைப்படாமல் எப்படி இருப்பாள், சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் அந்தத் தெருவில் குழல்வாய்மொழியின் கையைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. முகத்துக்கு அவள் பெரிதாக ஒன்றும் செய்துகொண்டதில்லை, முகம் கடவுள் கொடுத்தது, கை நாம் வைத்துக்கொள்வது என்பாள். வேர்க்குருவுக்குக்கூட முகத்தில் பவுடர் போடாதவள், மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் கையில் வெயில் படாமல் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு போவாள். வெண்டைக்காய் நறுக்க உறை, வெங்காயம் உரிக்க வேறு உறை. சோப்புத்தூள் தொட்டதில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்தால் தோலைத் தூரப்போட மாட்டாள், முழங்கையிலும் விரல் கணுவிலும் கறுப்புப் போக அதை வைத்துத் தேய்த்து, கழுவின கையோடு தேங்காயெண்ணெய் தடவுவாள். படுக்கிறபோது கிளிசரின். நெல்லையப்பர் கோயில் வாசலில் வளையல் போடுகிறவர் ஒருமுறை, முக்காட்டுக்குள் முகம் தெரியாமல் கையை மட்டும் நீட்டினவளிடம், பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாராம். அதை அவள் சொல்லிச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். தன் கையைப் பார்த்துக்கொண்ட மாதிரியே மகளையும் வளர்த்தாள். தன்னை விட மேலாக என்றே சொல்லலாம். அபி தெருவில் மண்ணளைந்துவிட்டு வந்தால் முதுகில் ஒன்று விழும், பிறகு கைக்குப் பாலேடு விழும். நாலைந்து வயதில் ஒரு நாள் ஊறுகாய் ஜாடிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டு நின்றாள், உப்பும் காரமும் எரியவேண்டாமோ, எரியவே இல்லை அந்தப் பிள்ளைக்கு, எலுமிச்சங்காயை நசுக்கி நசுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். குழல்வாய்மொழிக்குத்தான் எரிந்தது. அலறியடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பாலை ஊற்றிக் கழுவினாள். குடிக்கிற பால், ஒரு செம்பு. அந்தக் கைதானே இது? அந்தக் கைதான். அதே சுண்டுவிரல் வளைவு இருக்கிறது, சிதம்பரத்தின் அம்மாவுக்கும் இருந்த வளைவு. ஐயோ, அந்தச் சுண்டுவிரல் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா.

அப்படியானால் நேற்றிலிருந்தே இந்தக் கை இந்த வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது. தான்தான் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை, கள்ளி. ரயிலடியில் பையை வாங்கக் கையை நீட்டினாள் குழல்வாய்மொழி. வேண்டாம்மா, நானே தூக்கிக்கிடுதேன் என்று பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள் அபி. ரெண்டு வருஷத்துக்கு மேலே ஆகிறது ஊருக்கு வந்து, வந்ததும் அம்மா கையைப் பிடிக்கத் தோன்றவில்லையே என்று மனசுக்குள் ஒரு சுணக்கம் வந்தது, வெயில், கூட்டம் என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்தால் துப்பட்டாவை விரல் நுனி வரைக்கும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டாள். புளிக்குழம்பும் அப்பளமும் வைத்துக்கொண்டு கரண்டியால் சாப்பிடுகிறவளைப் பார்த்து, ஓசூர்க்காரி ஆயாச்சு, இனி கையால சாப்பிட்டாக் கௌரவக் குறைச்சல் என்று சிதம்பரத்திடம் கேலி பேசினாள். அவர் சிரித்தார். அபியும் சிரித்தாள். பாவி, புளியும் உப்பும் அந்த வெடிப்பில் பட்டால் என்ன எரி எரியும், அதைச் சொல்லாமல் சிரித்திருக்கிறாள். மருதாணி அரைத்து வைக்கச் சொல்லட்டுமா என்றதற்குத் தூக்கம் வருகிறது என்றாள். எல்லாவற்றையும் விட அந்த வாசனை. வந்ததிலிருந்து அபி பக்கத்தில் வரும்போதெல்லாம் எலுமிச்சை வாசனை அடித்தது. குளித்த பிறகும் அடித்தது. அப்போது குழல்வாய்மொழிக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. அவ்வளவு தூரத்தில் போய் இருந்தும் அம்மா சொல்லிக்கொடுத்ததை விடவில்லை பாரு, தோலை வைத்துத் தேய்க்கிறாள் பாரு என்று ராத்திரி சிதம்பரத்தை எழுப்பிச் சொன்னாள். இப்போது அதே வாசனை, காற்றாடிக் காற்றில், அந்த வெடித்த விரல்களிலிருந்து வந்தது. எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் கை இப்படியா ஆகும்?

நோயாக இருக்குமோ. இருக்கும். நோய்தான். ஏதோ தோல் வியாதி, சொல்லக் கூசிக்கொண்டு மறைத்திருக்கிறாள். இந்த எண்ணம் வந்ததும் பயந்துபோனாள், கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, வியாதி என்றால் மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஐகிரவுண்டு பக்கத்தில் அந்தத் தோல் டாக்டரம்மா கைராசிக்காரி என்று சொல்கிறார்கள். நாளைக்கே போய்விடலாம். ஆனால் காய்ப்பு வியாதியில் வருமா? வெட்டுக்காயம் வியாதியில் வருமா? ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, பழையதும் புதியதுமாக? இது வேலை செய்த கை. பாக்கியத்தின் கை என்று தோன்றியதே, அது சும்மா தோன்றவில்லை. பாக்கியமாவது நாலு வீட்டுப் பாத்திரத்தோடு போகிறாள். இவளை எத்தனை வீட்டு வேலை செய்ய வைத்தார்கள்? சம்பந்தியம்மாளின் முகம் கண்முன்னால் வந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதே வீட்டு முன்னறையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அபி காப்பித் தட்டை நீட்டினாள். காப்பியை எடுக்காமல் கையைப் பார்த்தாள் அந்த அம்மாள். பார்த்ததைக் குழல்வாய்மொழி பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கவிடவில்லை. எம்பிள்ளை கையில ஒரு சூடு, ஒரு கீறல் காட்ட முடியாது, இந்த வயசு வரைக்கும் அடுப்படிக்கு விட்டது கிடையாது என்று நிறைந்த சபையில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் கையையும் ஏதோ புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் முன்னால் நீட்டி வைத்தாள். சம்பந்தியம்மாள் புருவத்தைத் தூக்கிவிட்டு, அப்படியா, நல்லதாப்போச்சு என்றாள். அந்த நல்லதாப்போச்சுக்கு இதுதானா அர்த்தம்? அடுப்படி காணாத கையா, காட்டுகிறேன் அடுப்படியை என்று கறுவிக்கொண்டு போயிருக்கிறாள். வேலைக்காரியை நிறுத்தியிருப்பாள், வாஷிங் மெஷினை மூடியிருப்பாள், வீட்டு வேலை பூராவையும் இந்தப் பிள்ளை தலையில் கட்டியிருப்பாள். எட்டு வருஷம். நடுவில் ஊருக்கு அனுப்பும்போதெல்லாம் கையைத் தேற்றித்தான் அனுப்பியிருப்பாள். தான் இங்கே பாலேடு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்டு வருஷமும் அங்கே இவள் தேய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். வாரம் தவறாமல் வீடியோவில் வந்தாளே, நல்லா இருக்கேம்மா என்றாளே! வீடியோவில் முகம்தான் வரும். இப்போதெல்லாம் ஒரு தடவைகூடக் கை வந்ததில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பேசுகிற பிள்ளை, கையே இல்லாதவள் மாதிரி இத்தனை நாளாகப் பேசியிருக்கிறாள், அதுகூட உறைக்கவில்லை இந்த மடச்சிக்கு. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போயிருக்காரு என்பாள். எப்போது கேட்டாலும் வேலைக்குத்தான் போயிருந்தார்.

ஒரு ஈ வந்து அந்த விரல் வெடிப்பின் மேல் உட்கார்ந்தது. குழல்வாய்மொழி கையை ஓங்கினாள், மாவு சிந்திவிடும் என்று நிறுத்திக்கொண்டாள், குனிந்து வாயால் ஊதினாள். ஈ பறந்து, சுற்றி, திரும்பவும் அங்கேயே வந்தது. மறுபடி ஊதினாள். ஊதும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்க முடியவில்லை, தோளில் தேய்த்துக்கொண்டாள். ஆட்டோ ஒன்று தெருவில் போயிற்று, அதன் சத்தத்தில் அபி விழித்துவிடுவாளோ என்று பயந்தாள். விழித்தால் கையை உள்ளே இழுத்துக்கொள்வாள், அப்புறம் கேட்டால் ஒன்றுமில்லை என்பாள், நாளைக்கு ரயிலேறிப் போய்விடுவாள். போகவிடக் கூடாது. அந்த வீட்டு வாசற்படியை இவள் இனிமேல் மிதிக்கக் கூடாது. அதை மட்டும் குழல்வாய்மொழி தீர்மானமாக முடிவு கட்டினாள். சிதம்பரம் வந்ததும் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மனுஷர் என்ன செய்வார்? பொறுமையா விசாரிப்போம் என்பார். என்ன பொறுமை? மாப்பிள்ளைக்கு இப்பவே போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டால் என்ன? போன் அடுப்படியில் இருக்கிறது, இந்தக் கையோடு எப்படி எடுக்க. காயட்டும். மாவு முழுக்கக் காய்ந்து, தோலை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்த பிறகு எல்லாவற்றையும் செய்யலாம். வக்கீல் யாரையாவது கேட்க வேண்டும். போலீஸ் என்று போனால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், ஊரா வந்து பெற்றது? கல்யாணமான பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் தெருவில் என்ன பேசுவார்கள் என்று ஒரு பக்கம் மனசு ஓடியது, அதைப் பிடித்து இழுத்து இந்தக் கையின் முன்னால் நிறுத்தினாள். பார், இதைப் பார்த்துக்கொண்டு அதை யோசி. மனசு தலையைக் குனிந்துகொண்டது. குனிந்த மனசு வேறு வழியாக ஓடியது. இதைத் திரும்பப் பழையபடி கொண்டுவர முடியுமா? ஆறு மாதம் தண்ணீர் படாமல் வைத்திருந்தால்? ராத்திரி வெண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றிப் படுக்கவைத்தால்? வெடிப்பு மூடிவிடும், கறை போய்விடும், காய்ப்பும் ஊறவைத்து ஊறவைத்துத் தேய்த்தால் போகும். தோலில் விழுந்த சுருக்கம் போகாது. அது போகவே போகாது, அவளை விட அது யாருக்குத் தெரியும். பிறந்து இரண்டாம் நாள், கண்ணே திறக்காத அந்தச் சிசு தன் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடந்தது ஞாபகம் வந்தது. உள்ளங்கை அப்போதும் சுருங்கித்தான் இருந்தது, இளஞ்சிவப்பாக, ஈரமாக. ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடும் என்றாள் நர்சம்மா. நிமிர்ந்தது.   முழங்கைப் பக்கம் மாவு காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது, விரல்கள் மட்டும் இன்னும் ஈரமாக இருந்தன. அவள் மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு, கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரம்தாம்மா பாப்பே?"

தூக்கிவாரிப்போட்டது. போர்வைக்குள்ளிருந்துதான் வந்தது குரல், தூங்கி எழுந்த குரலாக இல்லை. குழல்வாய்மொழி அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை உடைந்த மாதிரி கொட்டிவிட்டது. அந்தப் பொம்பளைதானே இப்படிச் செய்தாள், அடித்தார்களா, சூடு வைத்தார்களா, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாரா, நீ திரும்பப் போகவேண்டாம், அப்பா என்ன சொன்னாலும் சரி, நான் இருக்கிறேன், உன்னை அனுப்ப மாட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னாள். அபி எல்லாம் தீரட்டும் என்று காத்திருந்து, போர்வையை வாயிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அங்க இருந்த வரைக்கும் கை நல்லாத்தான்மா இருந்துது."

குழல்வாய்மொழிக்குப் புரியவில்லை. அங்கே இருந்த வரைக்கும் என்றால்? அபி சொல்ல ஆரம்பித்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். கல்யாணமான மறுநாள் காலையில் காப்பி போடலாம் என்று அடுப்படிக்குள் போயிருக்கிறாள். மாமியார் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, ஒங்கம்மா சபையில சொல்லிருக்காவ, இது அடுப்படி காணாத கையாம், நீ போய் உக்காரு என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து இவளும் சிரித்தாளாம். அடுத்த நாளும் அதேதான். ஒரு மாதம் கழித்தும் அதேதான். ஒரு பாத்திரத்தைத் தொடக்கூடாது, துணி மடிக்கக்கூடாது, தண்ணீர் மொண்டு குடிக்கக்கூடாது, யாராவது மொண்டு கொடுப்பார்கள், கை கெட்டுப்போயிடும்லா என்று சொல்லிக் கொடுப்பார்கள். புருஷனுக்கு ஒரு நாள் சோறு போட்டதில்லை. விருந்தாளி வந்தால் கூப்பிட்டு நிறுத்தி, எங்க மருமக கையைப் பாருங்க என்பார்கள், வந்தவர்கள் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பேச்சும் நின்றுபோயிற்று. வேலை செய்யாதவளிடம் பேச என்ன இருக்கிறது? அவள் புருஷனும் எதுவானாலும் தன் அம்மாவிடம் சொல்ல, அம்மா வந்து இவளிடம் சொல்லுகிற மாதிரி ஆயிற்று. ஆறு வருஷம் ஒரு அறையில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அனுப்பி வைக்கிற கிளிசரினைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்தெருவில் ஊறுகாய் கம்பெனி ஒன்று இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து எலுமிச்சங்காய் நறுக்குவதும், சத்தமாகப் பேசிக்கொள்வதும் கேட்கும். ஒரு நாள் செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கே போய் ஒரு கத்தியை வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் எங்கே போனாய் என்றுகூடக் கேட்கவில்லையாம். அந்த வாரமே, கூட வேலை செய்கிற ஒருத்தியின் அறைக்குப் பையோடு போய்விட்டாள். ரெண்டு வருஷம் ஆகிறது, யாரும் தேடி வரவில்லை, ஊருக்கும் சொல்லவில்லை.

"நறுக்குனதுக்கு உப்புப் போட்டுப் பிசையணும். எரியும். ராத்திரியில ரொம்ப எரியும்." அபி நிறுத்தினாள். "ஆனாத் தூக்கம் வருதும்மா."

 சூடு இல்லை, அடி இல்லை. அங்கே யாரும் இவள் மேல் ஒரு விரல் வைக்கவில்லை. தான் சபையில் சொன்ன சொல்லை எடுத்து, அதைப் பொய்யாக்காமல், அப்படியே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆறு வருஷம் தன் மகளின் கை, தான் ஆசைப்பட்டபடியே, ஒரு கீறல் இல்லாமல், வழவழவென்று இருந்திருக்கிறது. அந்தக் கைக்கு மேலே இருந்த ஆள்தான் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நாளில் தான் வீடியோவில் என்ன கேட்டோம்? கிளிசரின் தடவுதியா என்று கேட்டோம். கட்டில் விளிம்பைப் பிடிக்கப் போனாள், பிடிக்கவில்லை. இதையெல்லாம் ஏன் எனக்குச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ரெண்டு வருஷமா எங்கிட்ட நடிச்சியா என்று கேட்டபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"சொல்லத்தாம்மா வந்தேன். நேத்துப் பூரா வாயில வரலை. அதான் கையை வெளிய போட்டுட்டுப் படுத்தேன். நான் தூங்கவே இல்ல. கண்ணைத் தொறந்துதான் கெடந்தேன், நீ கையை விட்டு மேல பாக்கவே இல்ல." அபியின் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ வந்து பிடிப்பே, பிடிச்சதும் சொல்லிரலாம்னு நெனச்சேன். தொடவே இல்லையேம்மா."

"கையில மாவுல்லா," என்றாள் குழல்வாய்மொழி.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகுதான் அது காதில் கேட்டது. அபி அவளுடைய இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமா, பாத்தேன் என்றாள். பிறகு தலையணையில் கிடந்த தன் கையை மெல்ல எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். தலையணையில் அது கிடந்த இடம் மட்டும் குழிந்து தெரிந்தது. பொய் இல்லை அது, குழல்வாய்மொழி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், மாவு இருந்தது, பாரு, இதோ இருக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது, இழுத்துப் பிடிக்கிறது. அவள் நிமிர்ந்தாள். முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்தாள், பார்த்த முகம் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி அறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழல்வாய்மொழியும் திரும்பிப் பார்த்தாள். வாசலை ஒட்டி, எட்டி நாலடி வைத்தால் தொட்டுவிடுகிற தூரத்தில், சுவரில் வாஷ்பேசின் இருந்தது. அபி பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அது அங்கேதான் இருக்கிறது. டாக்டர் யாரென்று யோசித்தாள், வக்கீல் யாரென்று யோசித்தாள், போலீஸ் வரைக்கும் போய்விட்டு வந்தாள், ஈயை வாயால் ஊதினாள். இவ்வளவு நேரமும் இந்தக் கட்டிலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வரலாம் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவே இல்லை.